பேதியை நிறுத்திய மாத்திரை

என் வீட்டுக்காரர் முட்டை லாரி ஓட்டுகிறார். புதுச்சத்திரம் பக்கத்துப் பண்ணையில் லோடு ஏற்றும்போது கீறல் விட்ட முட்டைகளை டிரைவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இவர் அவற்றைப் பச்சையாகவே உடைத்துக் குடிப்பார்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சலும் ரத்தம் கலந்த பேதியும் வந்தன. மறுநாள் கேரளாவுக்கு லோடு. வழியில் அடிக்கடி இறங்க முடியாதென்று, டிரைவர்கள் போடும் மாத்திரையைப் போட்டுப் பேதியை நிறுத்திவிட்டார்.

"சரியாப் போச்சு புள்ள" என்றார். நானும் நம்பினேன்.

மறுநாள் மதியம், வண்டி கிளம்பும் முன்பே, வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. காய்ச்சல் கொதித்தது. மருத்துவமனைக்கு ஓடினோம். பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா அவருடைய மல மாதிரியை என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சாயம் ஏறிய நீலப் புள்ளிகளாக ஒரு கூட்டமே தெரிந்தது.

"இதெல்லாம் அவரோட வெள்ளணுக்கள்ங்க. பச்சை முட்டையில வந்த கிருமியோட குடல்ல சண்டை போடுதுங்க. அந்தச் சண்டையிலதான் குடல் வீங்கிப் புண்ணாகுது. கிருமி வெளிய போற வழிய நீங்க அடைச்சுட்டீங்க."

நோய் என்று நான் பயந்ததில் பாதி, அவர் உடம்பு அவருக்காகப் போட்ட சண்டை!

சிகிச்சையில் தேறிவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் எந்த முட்டையும் முழுதாக வெந்த பிறகுதான் தட்டுக்கு வரும். லாரியில் மாத்திரை இருந்த டப்பாவில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி இருக்கிறது. ரத்தம் கண்டால் நேரே டாக்டர்தான்.

போன வாரம் பாலக்காட்டிலிருந்து போன் செய்து, வயிறு சரியில்லை என்றார்.

"ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க. பேதிய நிறுத்தாதீங்க" என்றேன்.

"வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் பேசறேன் புள்ள" என்றார்.