பிரவீனா சொன்ன கிணறு

மாகறலுக்குப் போகிற சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் ஒரு காலனி வரும். அங்கிருந்து முதன்முதலாக எம்.ஏ. பொருளாதாரம் படிக்கப் போனவள் பிரவீனா. அதென்ன படிப்பு, படித்தால் என்ன வேலை என்று கேட்டால் காலனியில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனாலும் காலையில் அவள் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு ஓடும்போது டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் காலை மடக்கி வழிவிடுவார்கள். அவளுடைய அம்மா கங்கையம்மாளுக்கு அந்த மரியாதை ஒன்றே போதும். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள் அவள். மகள் அந்த வேலைக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் முதுகு ஒடியக் கழுவினாள்.

காலனிக்கு இன்னொரு பெருமையும் உண்டு, அது கிணறு. ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்த விடாத காலத்தில் பாட்டன்மார் தாங்களே தோண்டியது. சுற்றுவட்டாரமே உப்புத் தண்ணீரைக் குடிக்க, இதில் மட்டும் கற்கண்டாய் இனிக்கும். எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. சாமி புண்ணியம் என்பார்கள், அதெல்லாம் சும்மா, கட்டுப்பாடுதான் காரணம். பங்குனி பிறந்துவிட்டால் பொழுது சாய்ந்தபின் யாரும் வாளியை இறக்கக் கூடாது. ஊற்று ஊற வேண்டும். கல்யாண வீடானாலும் சரி, கருமாதி வீடானாலும் சரி, விடிந்த பிறகுதான். அந்தக் கிணற்றில் வாளி அடியில் உள்ள கல்லில் இடித்த சத்தத்தை இன்று உயிரோடு இருக்கிற யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் ஆண்டில் பொது வளங்கள் பற்றிய பாடம் வந்தது. எல்லோருக்கும் சொந்தமானதை எல்லோரும் சுரண்டியே அழித்துவிடுவார்கள் என்பது ஒரு கட்சி. இல்லை, கூடிப் பேசிக் காப்பாற்றவும் முடியும் என்பது மறு கட்சி. "உங்க ஊர்ல உதாரணம் இருந்தா செமினார்ல சொல்லுங்க" என்றார் பேராசிரியை. மற்றவர்கள் இன்டர்நெட்டில் பிடித்த வெளிநாட்டு மீனவர்களைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார, பிரவீனா எழுந்து தன் கிணற்றைச் சொன்னாள். முதல் வருடம் முழுக்க வாய் திறக்காதவள் அன்றைக்குப் பொழிந்து தள்ளினாள். மேப்பைத் திரையில் போட்டு இடத்தையே காட்டினாள். வகுப்பு கை தட்டியது. பாவி மகள், அந்தக் கைதட்டலில் கரைந்துபோனாள்.

கலைவாணன் மட்டும் கை தட்டவில்லை, கேள்வி கேட்டான். கோடையில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கும்? அடியில் மணலா, பாறையா? பக்கத்து நிலம் யாருடையது, பயிர் உண்டா? "இப்படித்தான் கேக்கணும்" என்று பேராசிரியை அவனை மெச்சிக்கொண்டார். கூடப் படிக்கிற பையன், மரியாதையான பேச்சு. ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பதில் சொன்னாள் பிரவீனா. பக்கத்துக் கொல்லை தரிசாகக் கிடக்கிறது, சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், விற்க ஆள் தேடுகிறார் என்பது வரைக்கும் சொன்னாள். அவன் அப்பாவுக்கு டேங்கர் லாரிகள் ஓடுவது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் தரிசில் ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தார். உள்ளங்கையில் ஒரு தேங்காய். நாலடி நடப்பார், நிற்பார், தேங்காயைப் பார்ப்பார். நீரோட்டம் பார்க்கிறவர். கிணற்றுக்கு நேராக வந்ததும் கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றது. தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அன்னம்மாள் சிரித்தாள்.

"யாரோ வூடு கட்டப் போறாங்க போலிருக்குது. கட்டட்டும், நமக்கும் பேச்சுத் துணைக்கு நாலு பேரு ஆச்சு."

வேப்பமரத்தடியில் நின்ற வெள்ளைக் காரைப் பிரவீனா கல்லூரி வாசலில் பார்த்திருக்கிறாள், கலைவாணன் அதிலிருந்துதான் இறங்குவான்.

மறுநாள் கலைவாணனை நிறுத்திக் கேட்டாள்.

"எங்க கெணத்துக்கிட்ட உங்க அப்பாவுக்கு இன்னா வேலை?"

"நெலம் வாங்கியிருக்காரு. பட்டா நெலம்பா அது. எங்க நெலத்துல நாங்க போர் போடுறோம், உங்க கெணத்த யாரு தொட்டா?" அவனுக்குக் கொஞ்சமும் கோபமில்லை. "உன் செமினார் செம, தெரியுமா? அப்பாகிட்ட அப்படியே சொன்னேன்."

அதை அவன் பாராட்டாகவே சொன்னான், அதுதான் கொடுமை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயால் ஒரு காலனியே கெடப் போகிறது.

வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போர் லாரி வந்தது. பூசணிக்காய் உடைத்துப் பூஜை போட்டார்கள், காலனிப் பிள்ளைகளுக்கும் பொரி கொடுத்தார்கள். அப்புறம் நிலம் அதிர்ந்தது, வீடுகளில் பாத்திரங்கள் குலுங்கின. பங்குனி பிறந்தது. பொழுது சாய்ந்ததும் காலனி வழக்கம்போல வாளியை மேலே ஏற்றிக் கட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும். ஊறட்டும் என்று காலனி விட்டுவைத்த தண்ணீரை டேங்கர்கள் வரிசையாக வந்து நிரப்பிக்கொண்டு காஞ்சிபுரம் போயின. இங்கே கயிற்றை நீட்டிக் கட்டினார்கள். வெயில் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டார்கள். மறுபடியும் நீட்டினார்கள்.

ஒரு முகூர்த்த நாள் சாயங்காலம், கங்கையம்மாள் மண்டபத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இன்னிக்கு மண்டபத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சேன் பாரு, உப்பே இல்ல. நம்ம கெணத்துத் தண்ணியாட்டமே இனிக்குது. அத்த ஊத்தி எச்சிப் பாத்திரம் கழுவிக்கினு இருக்கேன், மனசே கேக்கல."

பிரவீனா புத்தகத்தை மூடினாள். "அது நம்ம கெணத்துத் தண்ணிதாம்மா. பக்கத்துக் கொல்லையிலேருந்து லாரியில போவுது."

"போடி. காலனிக்குள்ள எட்டிக்கூடப் பாக்காதவங்க அந்த லாரிக்காரங்க. நம்ம ஊத்து அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாம்மா சொன்னேன். காலேஜ்ல, எல்லாரு முன்னாலயும். எடத்தக்கூட காட்டினேன்."

கங்கையம்மாள் சுவரோரமாக உட்கார்ந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று பிரவீனா காத்திருந்தாள். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கு உனக்கு மார்க்கு போட்டாங்களா?"

"போட்டாங்க. முழு மார்க்கு."

"சரி" என்றாள் கங்கையம்மாள்.

வெளியே பொழுது இன்னும் முழுதாகச் சாயவில்லை. அன்னம்மாள் அன்றைய கடைசிக் குடத்துக்காக வாளியை இறக்கினாள். கப்பி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வாளி கல்லில் இடித்தது.