நான்கு நாள் துபாய், ஒரு தாராவிச் சட்டை

ஐம்பது வயது முடிவதற்குள் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையாவது விழ வேண்டும் என்ற வீம்பில்தான் பிப்ரவரி மாதம் துபாய் போனேன். மும்பை செம்பூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. விமானம், விசா, மூன்று நட்சத்திர ஓட்டல், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்கு இரவுக்கு 64,500 ரூபாய். "உங்க வீம்புக்கு நான் எதுக்கு?" என்று மனைவி வரவில்லை.

செம்பூர், தாராவி, கோவண்டிப் பக்கம் யாராவது வளைகுடா போகிறார் என்று தெரிந்தால் போதும், பார்சல்கள் வீடு தேடி வந்துவிடும். கண்ணெதிரே பிரித்துக் காட்டி, கண்ணெதிரே கட்டித் தர வேண்டும் என்பது மட்டும்தான் விதி. எனக்கு வந்தது ஒரு சட்டை. எங்கள் பள்ளிக்குச் சீருடை தைக்கும் தாராவிப் பட்டறையில் வேலை பார்க்கும் செல்வராணி, தன் கணவர் யேசுராஜுக்காகத் தைத்தது. அவர் இரண்டு வருடமாகத் துபாயில் தோட்ட வேலையில் இருக்கிறார். மே மாதம் மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மைச் சடங்கு. குடும்பப் படத்தில் வெளிநாட்டு அப்பாவை வெட்டி ஒட்டித் தருவது தாராவி ஸ்டூடியோக்களில் சர்வசாதாரணம். அதற்கு வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கும் படம் ஒன்று வேண்டும். அதை எடுத்து வருவது என் பொறுப்பு.

"தலைல இருந்து கால் வரைக்கும் தெரியணும் அண்ணாச்சி. வீடியோ கால்ல அவுக மூக்கும் நெத்தியும்தான் தெரியுது. ரெண்டு வருஷ லீவு இப்பதான் வருது. அத எடுக்காம இன்னும் ஒரு வருஷம் இருந்து ஊர் வீட்டுக்கு மாடி ஏத்திருவோம்ங்காக. உடம்பு நல்லா இருந்தா இருக்கட்டும். படத்தப் பாத்துட்டுதான் நான் சரிம்பேன்."

காலை 10.10க்கு மும்பையில் ஏறி, மூன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பறந்து, அங்கத்திய நேரம் பகல் 12க்கு இறங்கினேன். ஒரு திர்ஹாம் அப்போது ஏறக்குறைய 24 ரூபாய். எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், தண்ணீர் பாட்டில்கூடத் தொண்டையில் இறங்காது. மெட்ரோ நாள் பாஸ் 20 திர்ஹாம். சுற்றிப் பார்க்க அதுவே தாராளம்.

முதல் இரண்டு நாளும் எல்லாரும் பார்ப்பதை நானும் பார்த்தேன். உயரமான கோபுரத்துக்கு டிக்கெட் 189 திர்ஹாம். கடைவீதிக்குள்ளே சுறா நீந்துகிறது. பாலைவனத்தில் பனிச்சறுக்கு. பஸ் ஸ்டாப்புக்கு ஏசி. ஓரிடத்தில் காபி மேல் தங்கத்தூள் தூவி 85 திர்ஹாமுக்கு விற்றார்கள். குடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், குடித்தேன். உதட்டில் தங்கம் ஒட்டியது, காபி சுமார். அதைவிட என்னை அசத்தியது சாலையோரப் பூக்கள். மணலுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் ஊதாவும் சிவப்புமாக, ஒரு வாடிய இதழ் கிடையாது.

மூன்றாம் நாள் ஞாயிறு. பச்சை மெட்ரோ லைனின் கடைசி ஸ்டேஷனில் இறங்கி, டாக்சியில் 19 திர்ஹாம் கொடுத்து, யேசுராஜ் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப்புக்குப் போனேன். "டூரிஸ்ட் யாரும் இங்க வர்றதில்லையே" என்று மலையாளி டிரைவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஓட்டலிலிருந்து மொத்தமே பதினைந்து கிலோமீட்டர்தான். பம்பாய்க்காரனுக்கு ஏற்றத்தாழ்வு புதிதா என்ன? ஆனால் எங்கள் ஊரில் அடுக்குமாடி பால்கனியிலிருந்து தாராவியின் தகரக்கூரை தெரியும், தகரக்கூரையிலிருந்து பால்கனியும் தெரியும். இங்கே ஒருவர் கண்ணில் மற்றவர் படாத மாதிரி ஊரையே பிரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

யேசுராஜ் வாசலிலேயே நின்றார். எனக்கு ஆளைத் தெரியவில்லை. செல்வராணி காட்டிய கல்யாணப் படத்தில் இருந்தவர் நல்ல வாட்டசாட்டம்.

"வாங்க அண்ணாச்சி, டீ குடிக்கேளா?" என்றபடி ஆறு கட்டில் போட்ட அறைக்குள் அழைத்துப் போனார். நான் வாய்பிளந்து பார்த்த பூக்களில் ஒரு பகுதி இவர் நட்டவைதானாம்.

"காலம்பர நாலரைக்கு பஸ் அண்ணாச்சி. ராத்திரி ஒரு நேரந்தான் பொங்குறது. பூவுக்குப் பரவால்ல, வேளாவேளைக்குத் தண்ணி" என்று சிரித்தார்.

சட்டையைப் போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஹேங்கரில் மாட்டிய மாதிரி தொங்கியது. செல்வராணி பழைய அளவிலேயே, ஞாபகத்திலிருந்து தைத்துவிட்டார். யேசுராஜ் கொடியிலிருந்து நான்கு துணி கிளிப்புகளை உருவி என் கையில் வைத்தார்.

"முதுகுப் பக்கம் இழுத்துப் புடிச்சு மாட்டுங்க அண்ணாச்சி. அவ இப்படிப் பாத்தான்னா லீவுல வான்னுருவா. அப்புறம் மாடி எங்க ஏறுது?"

மாட்டினேன். முன்பக்கம் ஏக்தம் ஃபிட், அளவெடுத்துத் தைத்த மாதிரி. நெஞ்சை நிமிர்த்தி நின்றார், படம் பிரமாதமாக வந்தது. வரும் வழியெல்லாம் என்மேலேயே எனக்கு எரிச்சல்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போய்விடுங்கள். பழைய துபாயில் தேரா பக்கம் தங்கினால் 15 திர்ஹாமுக்கு வயிறாரச் சாப்பிடலாம். கோபுர டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். பார்சல் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை போய்க் கொடுங்கள், மற்ற நாளில் ஆள் கிடைக்காது. கையில் பழம் வாங்கிப் போங்கள். எனக்கு அது தோன்றவில்லை. 85 திர்ஹாமுக்குக் காபி குடித்தவனுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, தையல்காரியிடம் பொய் சொல்லாதீர்கள். ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் பட்டறைக்குப் போய்ச் செல்வராணியிடம் படத்தைக் காட்டினேன். முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் விரலால் தள்ளிப் படத்தில் தோளைப் பெரிதாக்கினார்.

"தோள் தையலு கைக்கு எறங்கிக் கெடக்கு. நெஞ்சுல மட்டும் எப்படி ஒட்டி நிக்கி? பொறத்தால என்னத்தப் புடிச்சு வச்சிருக்கீக?"

"கிளிப்" என்றேன்.

"எத்தன?"

"நாலு."

அவர் இஞ்ச் டேப்பை எடுத்து, நாலு கிளிப்புக்குள் எவ்வளவு துணி போகும் என்று என் சட்டையின் முதுகில் ஒரு பிடி இழுத்து அளந்து பார்த்தார். "ஆறு இஞ்சு" என்றார். தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் பேசினார்.

"இந்தப் படத்த நான் ஸ்டூடியோவுக்குக் குடுக்க மாட்டேன். மாடி எப்ப ஏறுதோ ஏறட்டும். நாளைக்கே லீவு எழுதிக் குடுத்துட்டு, மே மாசம் மக பக்கத்துல வந்து நில்லுங்க. சட்டையப் புடிக்கதுக்கு நான் இருக்கேன்."