காலியாக இருந்த ஆணி

போன மாதம் பெங்களூர்ப் பொருட்காட்சிச் சாலையில் ஒரு குடையை விட்டுவிட்டு ஓடிவந்தேன். மறந்துவிட்டு வந்தேன் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும், மறக்கவில்லை. வாசலில் குடையை வாங்கிக்கொண்ட சேவகர் என் உள்ளங்கையில் ஒரு பித்தளை வில்லையை வைத்தார். சில்லென்று இருந்தது, புளி போட்டுத் தேய்த்த வாசனை அடித்தது, அதில் 217 என்று வெட்டியிருந்தது. வில்லையை மேஜைமேல் போட்டுவிட்டு, நான் அழைத்துப் போயிருந்த ஆசிரியப் பயிற்சி மாணவிகளை நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டு, கொட்டுகிற மழையில் வீடு வந்து சேர்ந்தேன். அந்த மாணவிகளுக்கு நான் நடத்துகிற பாடம் மனோதத்துவம். அந்த வாரத்து அத்தியாயம், ஞாபகம்.

போன நூற்றாண்டு முடியப்போகிற வருஷங்களில், கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்தை ஒட்டிய, சுரங்கத் தொழிலாளர்களின் 'லைன்' வீடொன்றில் நான் வளர்ந்தேன். அப்பாவுக்கு, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான 'சாப்டு' வாயில் இருந்த டைம் ஆபீசில் வேலை. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவரும் தம் நம்பர் வெட்டிய பித்தளைப் 'பில்லை'யை அப்பாவின் ஜன்னலுக்குள் இருந்த பலகையில் அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கீழே இறக்கும் கூண்டான 'கேஜி'ல் ஏறவேண்டும். மேலே வந்ததும் கழற்றிக்கொண்டு போகவேண்டும். பில்லை தொங்கினால் ஆள் கீழே, ஆணி காலியென்றால் ஆள் மேலே. அப்பாவுக்கு ஒத்தாசையாக இருந்த சின்னப்பன் மாமா, உபரிப் பில்லைகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோல வைத்திருப்பார்.

மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோகிற ஒன்பது வயதுக்காரியான எனக்கு ஒரு வித்தை தெரியும். பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று, எந்தெந்த ஆணி காலி என்று வரிசையாக ஒப்பிப்பேன். "நீ மேல கீறியா கீழ கீறியான்னு உனக்கே சந்தேகம் வந்தா இந்தப் பொண்ணக் கேளுப்பா" என்று ஜன்னலில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "புத்தின்னா ஞாபகம்தாம்பா, மத்ததெல்லாம் வாய்" என்பார். ஞாபகம் வேறு, புத்தி வேறு என்று இன்றைக்கு நான் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டு விளக்குகிறேன். அன்றைக்கு ஒரே வட்டம்தான். அதன் நடுவில் நான் நின்றேன்.

பக்கத்து வீட்டு வரதன் மாமா காய்ச்சலில் இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் வேலைக்கு இறங்கினார். அன்று மத்தியானம் கஞ்சியைக் கொடுத்துவிட்டு நான் வேலிப் படலைத் தாண்டி வெளியே வந்ததும், காலுக்கடியில் தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. கீழே எங்கோ பாறை சரிந்திருந்தது. சுரங்கத்தின் அபாயச் 'சங்கு' ஊதியது. சங்கு ஊதினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடவேண்டும் என்று லைன் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை; ஊதி முடிப்பதற்குள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். காவல்காரர்கள் படலை இழுத்து அடைத்தார்கள். உள்ளேயிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

"ஏ பொண்ணு, நீ பலகையப் பாத்துட்டுதானே வர்றே! எங்க வூட்டுக்காரர் பில்லை தொங்குதா, இல்லியா?" வரதன் மாமாவின் மனைவி கன்னியம்மா அத்தை என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

கண்ணை மூடினேன். பலகை தெரிந்தது. 217, ஆணி காலி. ஆணித் தலையில் இருந்த துருவும், பில்லை உரசி உரசி மரத்தில் விழுந்த பிறை போன்ற தழும்பும்கூடத் தெரிந்தன.

"காலி அத்தை. மாமா மேல வந்துட்டாரு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"காய்ச்சல் தாங்காம முன்னாடியே ஏறிட்டாரு போல. பின்பக்கமா வூட்டுக்குப் போயிருப்பாரு, பாவி மனுசன்!" அத்தை சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினார். மற்றப் பெண்கள் அவரைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஐந்து பேரை மேலே கொண்டுவந்தார்கள். வரதன் மாமாவுக்கு அரைமணி நேரம் உயிர் இருந்தது. "கன்னிம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். படலண்டை நின்ற கூட்டத்தில் அத்தையைத் தேடினார்கள். அத்தையோ வீட்டில், இப்போது வந்துவிடுவார் என்று, புருஷனுக்கு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார். லைனுக்கு ஆள் ஓடி, அத்தையைக் கூட்டி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. "இன்னிக்கு நீ பலகையவே பாக்கலியேம்மா" என்று மட்டும் சொன்னார். "சின்னப்பன் குடுத்த பில்லையில மூஞ்சி பாத்துக்கினுதானே இருந்தே?" அது உண்மை. நான் கண்ட காலி ஆணி, காய்ச்சலில் மாமா படுத்திருந்த முந்தின நாளுடையது. நேற்றுப் பார்த்தது இன்றைக்குப் பார்த்தது போல வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை, உதாரணங்களோடு, மணியடிப்பதற்கு முன்னால் இப்போது சொல்லி முடித்துவிடுகிறேன். இந்த உதாரணத்தைச் சொன்னதில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னைக் குழாயடியில் பிடித்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

"அந்த ஆணி காலியாத்தானே இருந்துச்சு? நீ கண்ணால பாத்தேல்ல?"

"பாத்தேன் அத்தை" என்றேன், பயத்தில்.

"அதான்" என்றார். "அந்த மத்தியானம் பூரா அவரு வந்துட்டாருன்னுதான் இருந்தேன். எத்தினி சந்தோசமா இருந்தேன் தெரியுமா?"

அத்தை தன் பிறந்த ஊருக்கே போய்ச் சேரும்வரை, ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆணி தெளிவாகிக்கொண்டே போயிற்று. இன்று அப்பாவின் முகம்கூட எனக்கு மங்கிவிட்டது. அன்றைக்கு இல்லவே இல்லாத அந்தக் காலி இடம் மட்டும் மங்கவில்லை. கண்ணை மூடினால் போதும், பலகையோடு வந்து நிற்கிறது.

குடை விவகாரத்துக்குப் பிறகு மனசு தாளாமல், ரயிலேறி மாரிகுப்பம் போனேன். டைம் ஆபீஸ் இருந்த இடத்தில் எருக்கு முளைத்திருக்கிறது. பலகை விறகாகிப் போயிருக்கும். திரும்பும் வழியில் பங்காருபேட்டையில் மகள் வீட்டில் இருக்கும் சின்னப்பன் மாமாவைப் பார்த்தேன். பல் ஒன்றும் இல்லை; காது நன்றாகக் கேட்கிறது. பொருட்காட்சிச் சாலையில் ஆரம்பித்து, இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அழுதுகொண்டே அவரிடம் சொல்லித் தீர்த்தேன்.

அவர் விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார்.

"எரநூத்திப் பதினேழா? வரதன் நம்பரு எழுபத்தொண்ணும்மா. அந்தப் பில்லைய ஆணியிலேர்ந்து கழட்டினதே நாந்தான். நம்ம பலகையே எரநூறோட முடிஞ்சிடும்."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பரிவோடு கேட்டார்: "பாவம், நல்ல குடையாம்மா?"