ஏழாவது வரிக்கு டிக் இல்லை

எங்கள் கார் ஷெட்டின் உட்சுவரில் ஏழு வரிகள் எழுதிய தாள் ஒன்று மூன்று வருடம் ஒட்டியிருந்தது. எழுதியவன் நான். அதைப் பிய்த்து எடுத்தவனும் நான்தான்.

சந்தாபுராவில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளமும் ஒரு மாடியும். கீழே நானும் என் மனைவியும், மேலே அண்ணனும் அண்ணியும். பக்கவாட்டில் இரும்பு ஷட்டர் போட்ட ஷெட், அதற்குள் என் பழைய பெட்ரோல் கார். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி, செய்து முடித்ததும் டிக் போடும் பழக்கம் அங்கிருந்துதான் வீட்டுக்கும் வந்தது.

ஏழு வரிகளும் ஒரே நாளில் எழுதியவை அல்ல. ஒருமுறை ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலோரம் நின்ற சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மாலையே எழுதினேன்: உள்ளே வேலை செய்யும்போதும் ஷட்டரை முழுதாக இறக்கி, உள்கொக்கி போடவும். வண்டி அதிகம் ஓடாததால் பேட்டரி அடிக்கடி படுத்தது. அடுத்த வருடம் இன்னொரு வரி சேர்ந்தது: ஞாயிறுதோறும் இன்ஜினை இருபது நிமிடம் ஓட விடவும். நான் வண்டியைத் தெருவுக்கு எடுத்து, அங்கே வைத்துத்தான் ஓட விடுவேன். அது எனக்குத் தெரியும் என்பதால் தாளில் எழுதவில்லை.

மூன்றாவது வருடம் எலிகள் வந்து இரண்டு முறை வயரைக் கடித்தன. பின்சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்டிருந்த திறப்பு வழியாகத்தான் வருகின்றன என்று கண்டுபிடித்து, தகரம் வைத்து அடைத்தேன். அன்றைய டைரியில் "ஷெட் திறப்பு அடைத்தாயிற்று" என்று எழுதி டிக் போட்டிருக்கிறேன். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்து நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அந்த மாதம் நாங்கள் ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தோம். சனிக்கிழமை மாலை அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அண்ணா, நாளைக்கு வண்டிய மட்டும் ஸ்டார்ட் பண்ணி விட்டுடேன்."

"டேய், எனக்கு ஸ்கூட்டர விட்டா என்னடா தெரியும்?"

"ஓட்ட வேணாம். சாவியத் திருப்பினா போதும். எல்லாம் செவுத்துல எழுதி ஒட்டியிருக்கேன் பாரு."

"உன் சட்டபுத்தகமா? அதப் படிக்க ஒரு வக்கீல வச்சிக்கணும்டா."

"வெளையாடாதண்ணா. வரிசையா செஞ்சிட்டு டிக் போட்டுடு."

"சரிங்க சார்," என்று சிரித்தான். நான் கேட்ட அவனுடைய கடைசிச் சிரிப்பு அது.

ஞாயிறு காலை டிபனுக்குக் கூப்பிட அண்ணி கீழே இறங்கி வந்திருக்கிறார். உள்ளே இன்ஜின் ஓடும் சத்தம். ஷட்டரைத் தட்டினால் பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையால் நெம்பித் திறந்தபோது அண்ணன் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். வண்டிப் புகை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

மதியம் நான் வந்து சேர்ந்ததும் ஷெட்டுக்குத்தான் போனேன். முதல் ஆறு வரிகளுக்கும் பென்சிலால் டிக் போட்டிருந்தான். ஆறாவது, இன்ஜினை ஓட விடும் வரி. அதன் பக்கத்தில், "ஆகட்டும் சார், உள்ளதான் உக்காந்திருக்கேன்" என்று கிறுக்கியிருந்தான். ஏழாவது வரி, "இன்ஜினை அணைத்து, சாவியை ஆணியில் மாட்டவும்." அதற்கு டிக் இல்லை. தாளை எடுத்து மடித்து டைரிக்குள் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் அண்ணியிடம் கன்னடத்தில், "மனேலி ஏனாத்ரூ ஜகள இத்தா?" என்று கேட்டார். வீட்டில் ஏதாவது சண்டையா என்று. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. முந்தின நாள் இரவு அதைப் பற்றி அண்ணி ஏதோ சொல்லியிருக்கிறார். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். தெரு அப்படி முடிக்கவில்லை, அவனே தேடிக்கொண்டது என்றது. கொக்கியை உள்ளே போட்டுக்கொண்டு எவனாவது வண்டியை ஸ்டார்ட் செய்வானா என்று அதற்கும் காரணம் சொன்னது.

அண்ணியும் முடிக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது என் மனைவியிடம் கேட்பார், சில சமயம் என்னிடமும்: "என்னாலதானா தம்பி? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி," என்பேன். அது அப்படியில்லை என்று காட்டும் தாள் உள்ளறையில் டைரிக்குள் இருந்தது. அதைக் காட்டினால் யாரால் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு வருடம் கழித்துத் திதி கொடுத்த அன்று, சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி திடீரென்று சொன்னார்: "அன்னிக்கு ராத்திரி நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, இன்னிக்கு இந்த எலைல அவரு உக்காந்து சாப்புட்டுருப்பாரு."

நான் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து, தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தகரம் அடைத்ததைச் சொன்னேன். தெருவுக்கு எடுக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டதைச் சொன்னேன்.

அண்ணி நெடுநேரம் படித்தார். பென்சில் எழுத்தை விரலால் தொட்டார்.

"ஈரத் துண்ட கொடியில போடுங்கன்னு இருவது வருஷம் சொன்னேன். ஒருநாள் கேட்டதில்ல," என்றார். "நீங்க எழுதி வச்சத மட்டும் ஒரு வரி விடாம கேட்டிருக்காரு பாருங்க."

பிறகு தாளின் மடிப்பை நீவிவிட்டார்.

"எத்தினி நாளா இது உங்ககிட்ட இருக்கு?"

"அன்னிக்கே எடுத்துட்டேன் அண்ணி."

"ரெண்டு வருஷம்," என்றார். சத்தம் போடவில்லை. "ரெண்டு வருஷமா நான் கேட்டுக்கிட்டே இருந்தேனே தம்பி."

தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஏணி போட்டுத் தகரத்தைப் பெயர்த்து எடுத்தேன். எலிகள் திரும்பி வந்துவிட்டன. போன வாரம் வயரைக் கடித்திருந்தன. சுவரில் தாள் இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுத்துத் தெரிகிறது. அங்கே வேறு எதையும் ஒட்டவில்லை.

அண்ணி என்னோடு பேசுவதில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுகிறார். அந்தத் தாளை அண்ணன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாராம். "என்னாலதானா" என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை என்று என் மனைவி சொன்னாள். அதை அன்றைய டைரியில் எழுதினேன். டிக் போடவில்லை.