ஏழாம் எண்

கோதண்டம் போய்விட்டார் என்று சைனிக்புரியில் அவர் வீட்டிலிருந்து குறுஞ்செய்தி வந்தபோது நான் ஹப்சிகுடாவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் மலை ஏறிய மனிதர், வாசலில் பேப்பர் எடுக்கக் குனிந்தவர், நிமிரவில்லையாம். இது என்ன நியாயம்?

சனத்நகர் தொழிற்சாலையில் என் பக்கத்து மேஜைக்காரர் அவர். மே மாதம் வந்தால் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளையும், தொழிற்சாலை நண்பர்களே, நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இமயமலையில் அதே ஒரு கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார். பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஆளாளுக்கு எண் சொல்ல வேண்டும். அவர் ஒன்று, நான் ஏழு; யார் வந்தாலும் வராவிட்டாலும் எண் மாறாது. மேல்மூச்சு வாங்கும்போது "ஏழு" என்று கத்த வைத்ததற்காக அவரை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

பிறகு ஒரு மழையில் மலை சரிந்தது. நாம் நடந்த பாதையில் பாதி ஆற்றோடு போயிற்று. நாம் என்ன செய்தோம், நினைவிருக்கிறதா? வீடு வீடாகக் கம்பளி சேர்த்து லாரியில் அனுப்பினோம். கம்பளி நெய்கிற ஊருக்கே கம்பளி! நாம் வழக்கமாகத் தங்கும் வீட்டுக்காரி போனில் நன்றி சொல்லிவிட்டு, பாதையைச் செப்பனிடுகிறோம், யாராவது வருவீர்களா என்று கேட்டாளாம். நடக்க வருகிறவர்களை நம்பித்தான் அங்கே அடுப்பு எரிந்தது. கோதண்டம் நம்மிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: "கம்பளி நக்கோ, போதும். ஆள் வேணும்."

அடுத்த மே மாதத்துக்குப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தோம். கிளம்ப மூன்று நாள் இருக்கையில் நான் முழங்கால் வலி என்றேன். வலியெல்லாம் இல்லை, பயம். அவருக்கும் அது தெரியும்.

"சரி. உன் நம்பரை யாருக்கும் தர மாட்டேன்" என்றார்.

என்னைப் பார்த்து இன்னும் ஏழு பேர் கழன்றுகொண்டார்கள். அவரோடு சேர்த்து நாலு பேர்தான் போனார்கள். அவர்கள் எடுத்துவந்த படங்களைப் பார்த்துத்தான் மறு வருடம் மற்றவர்கள் துணிந்தார்கள். இப்போது மே மாதத்தில் அங்கே தங்க இடம் கிடைப்பது கஷ்டம். நான் மட்டும் வெட்கத்தில் ஒதுங்கியே இருந்துவிட்டேன்.

அந்த நால்வரில் ஒருத்தியான லாவண்யா சுடுகாட்டு வாசலில் என்னிடம் சொன்னாள். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு திருப்பத்திலும், எண் ஏழு வரும்போது கோதண்டமே "ஏழு" என்று சொல்லிவிட்டுத்தான் நடப்பாராம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த எண்தான். இந்த மே மாதம் போகிறேன். முதல் திருப்பத்தில் எல்லோரும் நிற்பார்கள்; எண்ணைத் தொடங்க அவர் இருக்க மாட்டார். "ஒன்று" என்று நான் சொல்வேன். பிறகு என் முறைக்குக் காத்திருப்பேன்.