பத்தாவது கட்டு

என் ஓரகத்தியின் கை சில்லென்று இருக்கும். எண்பதுகளின் கடைசியில், ஆம்பூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் மாதனூர் திரும்பும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தொட்டுப் பாருங்கக்கா, ஏசி!" என்பாள். என் கொழுந்தனின் மனைவி. அந்த வீட்டுக்கும் தோல் கம்பெனிக்கும் எனக்குப் பின்னால் வந்தவள். நானோ குடோன் வேக்காட்டில் வெந்து, சேலையெல்லாம் தோல் நாற்றத்தோடு உட்கார்ந்திருப்பேன். தொடுவேனா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கம்ப்யூட்டர் இருந்த அந்த ஏசி அறை வேலை எனக்கு வரவேண்டியது. கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் மேனேஜர் எங்கள் இருவருக்கும் பரீட்சை வைத்தார். தோல் கட்டுகள் வந்த வரிசைப்படி அதற்குள் ஒரு பட்டியல் இருந்தது. எதிலிருந்து எதுவரை என்று இரண்டு எண்களைக் கொடுத்தால், அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும். "இதுல மொதல் கட்டுக்கு நம்பர் சைபர். பத்தாவது கட்டுலேர்ந்து இருபதாவது வரைக்கும் எடுங்க" என்றார். சரியாக எடுப்பவருக்கு அந்த அறை.

மூத்தவள் என்று நான்தான் முதலில் உட்கார்ந்தேன். குடோனில் கட்டு எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டோம். ராசிக்காக "லாபம்" என்போம், அடுத்தது ரெண்டு. மெஷினும் நம்மைப் போல ஒன்றுக்குப் பதிலாகத்தான் சைபர் என்கிறது, அடுத்தது ரெண்டு என்று நினைத்துவிட்டேன். என்ன தைரியம் எனக்கு! பத்து, இருபது என்று தட்டினேன். பதினோராவது கட்டிலிருந்து இருபத்தோராவது வரை வந்து நின்றது.

"பத்தாவது கட்டு எங்கம்மா?" என்றார் மேனேஜர்.

அடுத்து அவள். சைபரிலிருந்து ஒன்று வரை கேட்டாள். இரண்டு கட்டுகள் வந்தன. "அப்போ ரெண்டாவதுக்கு நம்பர் ஒண்ணு" என்று முணுமுணுத்துவிட்டு, ஒன்பது, பத்தொன்பது என்று தட்டினாள். கேட்டது அப்படியே வந்தது. அறையும் அவளுக்குப் போனது.

போன மாதம் அவள் மகன் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டர் எப்படிக் கற்றாள் என்று அவள் சம்பந்தியம்மா கேட்டார். "எல்லாம் அக்கா தயவு. அவங்க மொதல்ல போய்த் தப்பாத் தட்டினதாலதான் நான் உஷாராய்ட்டேன். நான் மொதல்ல போயிருந்தா நானும் லாபம், ரெண்டுன்னுதான் எண்ணியிருப்பேன்" என்று என் தோளில் கை போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இத்தனை வருஷமும் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்று பொறாமைப்பட்டு, ஒருவழியாக மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அதுவும் இல்லையாம். நான் மூத்தவள், அவ்வளவுதான்.