பவளம் ஆன்ட்டி இன்னும் தண்ணீருக்கு அந்தப் பக்கம்

பவளம் ஆன்ட்டி போய்விட்டார். இன்று காலை, பகாங்கில், மகள் வீட்டில்... காப்பி குடித்துவிட்டு "நெஞ்சு கனமா இருக்கு" என்றாராம். அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளை ரெம்பாவ் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன வேன் ஆன்ட்டி. என்னை இறக்கிவிட்டதும் ஊருக்கே கேட்கிற மாதிரி "அப்பாடா" என்று பெருமூச்சு விடுவார்.

வழக்கமாக நான் எதிலும் ஒரு ஜோக் வைப்பேன். இன்று ஒன்றும் வரவில்லை. ஆன்ட்டியை இன்னும் ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை.

மகள் மாலா அக்காவின் வீடு குவாந்தானைத் தாண்டி உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில். அவர் கணவருக்கு அங்கேதான் வேலை. விடாத மழையில் தோட்டத்துச் சாலை முழுகிவிட்டது. சவ வண்டி பெரிய ரோட்டிலேயே நிற்கிறது, உள்ளே வர வழியில்லை.

"இங்கயே அடக்கம் பண்ணிரலாம் மாமா" என்று மருமகன் காலையில் சொல்லியிருக்கிறார். அங்கிள், ஆன்ட்டியின் கணவர், வாசலில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அங்கிள் எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். ஆபீஸ் கணக்கைவிட மரத்துப் பறவைகளைத்தான் அதிகம் பார்த்தார் என்று ஆன்ட்டி சொல்வார். அவருக்குப் பறவை பிடிக்கும், இவருக்குப் பறப்பது பிடிக்கும். நல்ல ஜோடி.

பள்ளி லீவில்தான் வேனுக்கு ஓய்வு, அதனால் அப்போதெல்லாம் டிசம்பர் வந்தால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். பிறகு லீவு வேறு மாதத்துக்குப் போனது, ஆன்ட்டியும் வேனை விற்றுவிட்டார்... ஆனாலும் டிசம்பர் என்றால் டிசம்பர்தான். ரிடையர் ஆனதும் காடிக்குப் புது டயர் போட்ட ஒரே ஆள்!

அந்த டிசம்பர் மழைக்கு ஆன்ட்டி வைத்த பெயர் "நம்ம வின்டர்". ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவார். முதலில் கேமரன் மலை, வழியில் ஏதாவது ஓர் அருவி, கடைசியில் மாலா அக்கா வீடு.

அங்கிளுக்கு நான் "வாலு". ஒருமுறை கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கிளியை அவர்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தில் கட்டிவைத்தேன். அங்கிள் பைனாகுலரோடு மூச்சுவிடாமல் நின்றார். "இது நம்ம பக்கத்துப் பறவையே இல்ல" என்று குசுகுசுத்தார்.

ஆன்ட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. "முட்டை போட்டா சொல்லுங்க கிராணியாரே, ஆம்லெட் போடலாம்."

போன டிசம்பரில் அம்மாவையும் என்னையும் ஆற்றுக்குக் கூட்டிப்போனார்கள். வெயில் அடித்தது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் நடுப்பாறையில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஆன்ட்டி கத்தினார். "ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!"

கிளிக்குப் பழிவாங்குகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் தண்ணீரில் இறங்கி வந்து, என் சடையைப் பிடித்தே கரைக்கு இழுத்தார். "வலிக்குது ஆன்ட்டி!" "வலிக்கட்டும். நட!"

சருகும் குச்சியும் மிதந்து வந்ததை அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். மேல்மலையில் மழை. நாங்கள் ஏறி நின்ற கொஞ்ச நேரத்தில் காப்பி நிறத்தில் வெள்ளம் வந்து அந்தப் பாறையையே மூடிவிட்டது. எங்கள் நாசி லெமாக் சோற்றுச் சட்டியும் போயிற்று.

"இப்ப சிரி, பாப்போம்" என்றார் ஆன்ட்டி. என் சடையை அப்போதும் விடவில்லை.

மத்தியானம் ஒரு முடிவு வந்தது. செம்பனைப் பழம் ஏற்றும் பெரிய லோரி மட்டும் அந்தத் தண்ணீரைத் தாண்டும் என்று தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். லோரியைக் கழுவி அனுப்பினார்கள். அது போய்ச் சவ வண்டியிலிருந்து பெட்டியை வாங்கி வந்தது. அதற்குள் தண்ணீர் இன்னும் ஏறிவிட்டது.

மாலா அக்கா வீடியோ காலில் அழுதார். "பழ லோரியிலயா பா? அம்மாவையா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"உங்கம்மா என்னைக்கு வண்டியக் குறை சொன்னா? ஊருக்குப் போகணும் லா. ஏத்துங்க." இன்று அங்கிள் சத்தமாகப் பேசியது அது மட்டும்தான்.

மருமகன் முன்கதவைத் திறந்து பிடித்தார். அங்கிள் ஏறவில்லை. "அவ பின்னால தனியா உக்காந்ததே இல்ல தம்பி." குடையைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாயில் உட்கார்ந்துவிட்டார்.

மாலா அக்காவும் பிள்ளைகளும் அடுத்த நடையில் போகவேண்டும். அவர் வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தார், நான் இங்கே பார்த்துக்கொண்டிருந்தேன். லோரி தண்ணீரில் இறங்கியது. டயர் பாதி... டயரே தெரியவில்லை... நடுவில் நின்றுவிட்டது.

"ஏன் நிக்குது? ஏன் நிக்குது?" என்று அக்காவின் குரல். பிறகு படம் உறைந்து, லைன் போய்விட்டது.

அம்மா என் தோளைப் பிடித்திருந்தார். அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. அப்போதுதான் இதை எழுத ஆரம்பித்தேன்... சும்மா உட்கார முடியவில்லை.

எங்கள் தோட்டத்து முச்சந்தியில் ஒரு கூட்டம். எல்லாம் அந்த வேனில் போனவர்கள். சுங்கை காடுட் ஃபேக்டரி சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு அண்ணன் வந்து நிற்கிறார்.

...

இப்போதுதான் வாய்ஸ் மெசேஜ். மழைச் சத்தம், என்ஜின் சத்தம், அதற்குள் அங்கிள் குரல்.

"வாலு... பெரிய ரோட்டுக்கு வந்துட்டோம். எங்க வீட்டத் தெறந்து லைட்டப் போடு."

எங்களிடம் கொடுத்துப்போன சாவியை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.

வாங்க ஆன்ட்டி.